ஓயாத பேச்சும் ஒடித்த கொம்பும்





நமது வால்தம்ஸ்டோவில் வெள்ளிக்கிழமைப் பூசை நிறைவேறி, விபூதிப் பிரசாதம் பெற்று, அன்னதான வரிசையில் நிற்கும்போது நாம் என்ன கதைக்கிறோம் என்று சற்று எண்ணிப் பார்ப்போம். முன்பெல்லாம் ஊர்ப் புதினம், பிள்ளைகளின் சோதனை, விமான ரிக்கெற் விலை. இப்பொழுது எப்பக்கம் திரும்பினாலும் செயற்கை நுண்ணறிவு. 2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்தது தொடங்கி தொலைக்காட்சியிலும் பத்திரிகையிலும் அதுவே பேச்சு, மண்டபத்திலும் அதுவே. எல்லோரையும் அது வாழவைக்கும் என்பார் ஒருவர். எல்லோரையும் வேலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் என்பார் மற்றவர். சாம்பார் வாளி நம்மிடம் வந்துசேர்வதற்குள் உலகம் இரண்டு தரம் அழிந்து மூன்று தரம் பிழைத்துவிடுகிறது!

“கேட்டுக் கேட்டுக் களைத்துப் போனோம், கோயிலிலாவது இந்தக் கதை வேண்டாம் என்று எழுதுங்கள்” என்று அடியார்கள் சிலர் கேட்டுக்கொண்டனர். அதன் பேரிலேயே இந்தச் சிந்தனையை எழுதுகின்றோம். ஆனால் அவர்கள் விரும்பியபடியே எழுதப் போவதில்லை.

வியாச முனிவர் பாரதத்தைச் சொல்ல, விநாயகர் தமது கொம்பை ஒடித்து எழுதினார் என்ற வரலாற்றைச் சிறு வயது முதலே கேட்டிருக்கிறோம். அதில் இரண்டு நிபந்தனைகள் உண்டு. “இடையில் நிறுத்தாமல் சொல்ல வேண்டும், நிறுத்தினால் எழுதமாட்டேன்” என்றார் விநாயகர். “பொருள் விளங்காமல் ஒரு சொல்லையும் எழுதக்கூடாது” என்றார் வியாசர். ஆகவே முனிவர் இடைக்கிடை கடினமான சுலோகம் ஒன்றைச் சொல்வார். ஞானமே வடிவான பெருமானும் ஒரு கணம் எழுதுகோலை நிறுத்திச் சிந்திப்பார். அந்த இடைவெளியில் முனிவர் அடுத்த சுலோகங்களை மனத்தில் அமைத்துக்கொள்வார். பாரதம் முழுவதும் அந்தச் சிறு நிறுத்தங்களினாலேயே உண்டாயிற்று என்று சொன்னாலும் பிழையில்லை.

இன்றைய இயந்திரத்தை எப்படிச் செய்கிறார்கள்? அளவற்ற எழுத்துக்களைக் கொடுத்துப் பழக்கி, இதுவரை வந்த சொற்களுக்குப் பின் எது வரக்கூடும் என்று கணக்கிட்டுக் கணக்கிட்டு எழுத வைக்கிறார்கள். விநாயகர் வைத்த நிபந்தனை அதற்கு மிகவும் எளிது, களைப்பில்லாமல் எழுதும். வியாசர் வைத்த நிபந்தனையில்தான் வழக்கு. இயந்திரத்துக்கும் பொருள் விளங்குகிறது என்கிறார் இந்த இலண்டன் விம்பிள்டனில் பிறந்து 2024இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு பெற்ற ஜெப்ரி ஹின்டன். இல்லவே இல்லை என்று மறுக்கும் அறிஞரும் பலர். அவர்களாலேயே தீர்க்க முடியாத வழக்குக்கு நாம் வரிசையில் நின்றபடி தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். இயந்திரத்தின் மீது நாம் சொல்லும் குற்றம் இதுதானே, விளங்காமலே நிறுத்தாமல் சொல்லிக்கொண்டு போகிறது என்பது? நமது பேச்சும் அப்படித்தான் இருக்கிறது. சலிப்பு அங்கிருந்தே பிறக்கிறது.

இந்தப் பேச்சு புதிதுமன்று. இயந்திரம் சிந்திக்குமா என்று அலன் ரியூரிங் 1950இல் கட்டுரை எழுதினார். 1956இல் அமெரிக்காவில் அறிஞர் கூடி இத்துறைக்குப் பெயரையும் இட்டு நடத்தினர். 1973இல் இதே பிரித்தானியாவில் லைற்ஹில் என்ற பேராசிரியர், சொன்ன அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று அறிக்கை கொடுத்தார்; அதன் பின் பணமும் சுருங்கியது, பேச்சும் சுருங்கியது. ஏறுவதும் இறங்குவதுமாகவே வந்திருக்கிறது.

லொயிட் பூங்காவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிச் செல்பவர்கள் அங்குள்ள வில்லியம் மொரிஸ் காட்சிச்சாலையைப் பார்த்திருப்பீர்கள். 1834இல் வால்தம்ஸ்டோவில் பிறந்த அவரும் இயந்திரத்தைப் பற்றி மேடை மேடையாகப் பேசியவரே. இயந்திரமே கூடாது என்றவர் அல்லர். அது மனிதனுக்கு எசமானாகிவிடக் கூடாது என்றவர். ஆனால் அவர் சாயத் தொழிலைத் தாமே கற்றுச் செய்து, அவுரிச் சாயத்தினால் நீலமேறிய கைகளோடு திரிந்தவர். அவருடைய பேச்சுக்கு அந்தக் கைகள் சாட்சி.

இனி, சலித்துக்கொள்ளும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. காதைப் பொத்திக்கொள்வது எளிது. ஆனால் அந்தப் பேச்சுக்கு அடியில் இருப்பது என்ன? அச்சம். அதிலும் நம்மவர் அச்சத்துக்குத் தனிக் காரணம் உண்டு. வீடும் காணியும் விட்டு வந்தவர்கள் நாம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்ணால் கண்டவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். தலைக்குள் இருக்கும் கல்வியை மாத்திரம் எவராலும் எரிக்க முடியாது என்று நம்பி, கடைகளிலும் பெற்றோல் நிலையங்களிலும் இரவு வேலை செய்து, பிள்ளைகளைக் கணக்காளராகவும் கணினிப் பொறியியலாளராகவும் ஆக்கினோம். இன்று அந்தக் கடைசிச் சொத்தின் மீதும் ஒரு கை விழுகிறதே என்று ஒரு தகப்பன் கலங்குவதை வெறும் அலட்டல் என்று தள்ளலாமா?

வேலை ஒன்றும் போகாது என்று நாம் சொல்லப் போவதில்லை. அதைச் சொல்ல நமக்கு அதிகாரமில்லை. நமது சித்தாந்தம் சொல்வதை மாத்திரம் நினைவூட்டலாம். பாச ஞானம், பசு ஞானம், பதி ஞானம் என அறிவை மூன்றாக வகுத்தார்கள் பெரியோர். நாம் வாயால் பேசும் வைகரி மட்டுமன்று, வேத சாத்திரக் கல்வியையும்கூடச் சிவஞான சித்தியார் பாச ஞானத்துள்ளேயே வைக்கிறது. எவ்வளவு துணிவு பாருங்கள்! சாத்திரம் எழுதியவரே சாத்திரக் கல்வியை அங்கே வைக்கிறார். இகழ்வதற்காக அல்ல, அது ஏணி, வீடு அன்று என்பதற்காக. சொற்களால் ஆன அறிவு எவ்வளவு பெருகினாலும், அது மனிதர் தலையில் இருந்தாலும் இயந்திரத்தில் இருந்தாலும், அந்த வகையைத் தாண்டாது. பிள்ளைகளுக்கு நாம் தேடிக் கொடுத்ததில் எவ்வளவு ஏணி, எவ்வளவு வீடு என்று அந்தத் தகப்பனோடு அமர்ந்து கதைக்கலாம். அது வேறு பேச்சு. அதில் சலிப்பு வராது.

நம் கோயிலுக்கு வரும் சகோதரி ஒருவர் மருத்துவமனைகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்பவர். இப்போது தமக்கு அழைப்புக் குறைந்துவிட்டது என்றார். ஒருமுறை வயதான அம்மா ஒருவரிடம் “நோ எப்படி இருக்கிறது?” என்று டொக்டர் கேட்க, “பரவாயில்லை” என்றாராம் அவர். சகோதரி உடனே மொழிபெயர்க்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்கிறார். சேலைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்திருந்த கையைப் பார்த்திருக்கிறார். பிறகு டொக்டரிடம், “அவர் சொன்ன சொல்லுக்குப் பொருள் பரவாயில்லை என்பதுதான். ஆனால் எங்கள் ஊர் அம்மாமார் தாங்க முடியாதபோதும் அப்படித்தான் சொல்வார்கள். இன்னொரு தரம் கேட்டுப் பாருங்கள்” என்றாராம்.

டொக்டர் கதிரையை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகுதான் அந்த அம்மா அழுதாராம்.