எட்டாம் கட்டளையா, ஒன்பதாம் கட்டளையா?



உங்கள் சுற்றத்தில் நடந்த ஒரு செத்தவீட்டை நினைத்துப் பாருங்கள். மாலை ஆறரை மணி. அயலிலுள்ள பெண்கள் பாயை விரித்து, முழந்தாளிட்டுச் செபமாலையைத் தொடங்குகிறார்கள். அந்த வேளையில் உறவினர் சிலர் ஓசைப்படாமல் எழுந்து விறாந்தைக்குப் போய் நிற்கிறார்கள். யாரென்று கேட்கவேண்டியதில்லை, மிசன் பக்கத்து உறவினர். செபம் முடிந்ததும் உள்ளேயிருந்து ஒரு குரல்: "செத்தவருக்காக ஒரு அருள்நிறைந்த மந்திரம் சொல்ல அவையளுக்கு வாய் வராது." விறாந்தையிலும் ஒரு குரல்: "செத்த பிறகு மாதாவைக் கூப்பிட்டு என்ன பயன்? உயிரோடை இருக்கேக்கை வேதத்தைத் திறந்து பாத்திருக்கவேணும்."

இரண்டு குரலும் எனக்கு மிகவும் பழக்கமானவை. என் தாயார் உடுவிலில் மிசன் சபைக் குடும்பமொன்றில் பிறந்து, கலியாணத்தின்போது கத்தோலிக்கரானவர். அவருடைய தமக்கையார், எங்கள் பெரியம்மா, கடைசிவரை தமது சபையிலேயே இருந்தார். இறப்பதற்கு ஏறக்குறைய ஒரு வருடத்துக்கு முன் அவர் என்னை அழைத்துச் சொன்னார்: "தம்பி, நான் செத்தால் எனக்காகப் பூசை ஒண்டும் வைக்காதை. எனக்கு வேண்டியதை இயேசு சிலுவையிலை செய்து முடிச்சிட்டார்." பகடியாகவும் சொல்லவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை. தமது விசுவாசத்தைச் சொன்னார்.

அவர் இறந்தார். முப்பத்தோராம் நாள் நெருங்கியது. நான் பூசை வைக்கலாமா, கூடாதா?

சிறிய கேள்விதான். ஆனால் இதற்கு விடை தேடப்போன நான் வேறொரு கேள்வியில் வந்து முட்டினேன். நம்மோடு ஒரே இரத்தமாயிருந்து வேறு விதமாகச் செபிக்கும் ஒருவருக்கு நாம் எதைக் கடன்பட்டிருக்கிறோம்? அன்பு என்று உடனே சொல்லிவிடுவோம். அது இலேசான விடை. அன்புக்கு முன்னே கொடுக்கவேண்டிய கடன் ஒன்று உண்டென்று எனக்குத் தோன்றுகிறது. அவரைப்பற்றி உண்மை பேசுவதே அது.

பொய்ச்சாட்சியை விலக்கும் கட்டளை நமது ஞானோபதேசத்தில் எட்டாவது. பெரியம்மாவின் ஞாயிறு பாடசாலையில் அது ஒன்பதாவது. சிறுவயதில் இதைவைத்தே எங்களுக்குள் சண்டை வரும். "நீங்கள் சுரூபம் வைக்கிறதுக்காக இரண்டாம் கட்டளையை வெட்டிப்போட்டியள், கணக்குச் சரிவரக் கடைசிக் கட்டளையை இரண்டாய்ப் பிளந்தியள்" என்பார்கள் மச்சான்மார். எங்களுக்குப் பதில் தெரியாது. கல்லெறிந்துவிட்டு ஓடிவருவோம்.

பதில் பிறகுதான் தெரிந்தது. யாத்திராகமத்தில் கட்டளைகளுக்கு இலக்கம் போடப்படவில்லை. நம்முடைய எண்ணிக்கை புனித அகுஸ்தீனாரைப் பின்பற்றியது. சுரூபத்தைப்பற்றிய வாக்கியத்தை அது முதற் கட்டளையோடு சேர்த்து எண்ணுகிறது. லூத்தரும் அப்படியே எண்ணினார். ஆகவே தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயர் வழிவந்த தமிழ் லூத்தரன் பிள்ளைகளுக்கும் பொய்ச்சாட்சி எட்டாவதுதான். 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிசனார் கல்வின் வழிவந்தவர்கள்; அவர்களுடைய கணக்கு வேறு. ஆகவே நாம் கட்டளையை வெட்டினோம் என்பது பொய்.

ஆனால், வாசகரே, அதோடு நிறுத்தினால் நானும் பாதி உண்மைதான் பேசியவனாவேன். பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் நமது குறுகிய வாய்பாட்டில் அந்தச் சுரூப வாக்கியம் இல்லை. அதை மட்டும் கேட்ட மிசன் பிள்ளை சந்தேகப்பட்டால் அது அந்தப் பிள்ளையின் குற்றமா? இன்னுமொன்று. ஆராதனை இறைவனுக்கு மட்டுமே, சுரூபத்துக்குக் காட்டும் வணக்கம் அது குறிக்கும் ஆளையே சேரும் என்று 787ஆம் ஆண்டிலேயே இரண்டாம் நிசேயா சங்கம் பிரித்துச் சொல்லிவிட்டது. நமது பேச்சுத் தமிழோ அந்தப் பிரிவை அறியாது. கடவுளையும் கும்பிடுகிறோம், மாதாவையும் கும்பிடுகிறோம், வாசலுக்கு வந்த பெரியவரையும் கும்பிடுகிறோம். எல்லாம் ஒரே சொல். அதுவும் போகட்டும். திருநாள் இரவில் நற்கருணைப் பேழைக்கு முழந்தாளிடாமல் கடந்துபோய், சுரூபத்தின் பாதத்தைத் தொட முண்டியடிக்கிறவர்களை நானும் கண்டிருக்கிறேன், நீங்களும் கண்டிருக்கிறீர்கள். விறாந்தையில் நிற்பவர் நமது சங்க ஏடுகளை வாசிப்பதில்லை, நம்மைத்தான் வாசிக்கிறார்.

நமது பக்கத்துப் பொய்ச்சாட்சியையும் சொல்லவேண்டும். "வேதத்திலிருந்து ஏழு புத்தகத்தைக் கிழித்தெறிந்தவர்கள்" என்று புரட்டஸ்தாந்தரைப் பற்றி எத்தனை தரம் சொல்லியிருப்போம்! தொபியாசு, யூதித்து, ஞானம், சீராக், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு நூல்கள் ஆகிய ஏழைப்பற்றியும் புனித எரோணிமுவுக்கே தயக்கம் இருந்தது. திரெந்து சங்கம் 1546இல் அவற்றைத் திருவெளிப்பாட்டு நூல்களென உறுதிசெய்தது. லூத்தர் அவற்றை எறியவில்லை. 1534இல் வெளிவந்த தமது வேதாகமத்தில் வாசிப்பதற்கு நல்லவையெனத் தனிப்பகுதியாக வைத்தார். 1611ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமத்திலும் அவை இருந்தன. அதைவிட விசேடம்: 1728இல் தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்த தமிழ் வேதாகமத்தின் இறுதிப் பகுதியிலும் இந்நூல்கள் இருந்தன. தமிழில் அவற்றை அச்சேற்றியவர்கள் புரட்டஸ்தாந்தர்! பிரித்தானிய வேதாகமச் சங்கம் 1826இல் எடுத்த தீர்மானத்தின் பின்னரே, அது பரப்பிய வேதாகமங்களில் அவை இல்லாமற் போயின. பெரியம்மாவின் கையிலிருந்த வேதாகமம் அந்த வழியில் வந்தது. அவர் எதையும் கிழிக்கவில்லை. தமக்குத் தரப்பட்டதை வாசித்தார், நம்மில் பலரைவிட நன்றாகவே வாசித்தார்.

இதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1647இல் தெல்லிப்பழைப் பேதுருப் புலவர் சந்தியோகுமையோர் அம்மானை பாடினார். அடுத்த நூற்றாண்டில் யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியார் எழுதிய வியாகுலப் பிரசங்கத்தைத் தபசுகாலத்தில் இராகத்தோடு வாசிக்கக் கேட்டு வளர்ந்தவர்கள் நமது பாட்டிமார். வேதம் அவர்களுக்குக் காதால் வந்தது. மிசன் பிள்ளைகளுக்குக் கண்ணால் வந்தது. பள்ளிக்கூடமும் அச்சுக்கூடமும் கூடவே வந்தன. காதால் கேட்டவருக்கு வேதம் தெரியாது என்பதும், கண்ணால் வாசித்தவருக்குப் பக்தி இல்லை என்பதும் ஒரேமாதிரியான அறியாமை.

நம்மவர் மனத்தில் புரட்டஸ்தாந்தர் என்றதும் கசப்பு வருவதற்குக் காரணம் இல்லாமலில்லை. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்ததும், கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று கட்டளை பிறந்தது. 1687இல் யோசேவாஸ் முனிவர் பிச்சைக்காரராய் வந்து, சில்லாலையில் மறைந்திருந்து பூசை செய்தது அதனால்தான். 2015இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டபோது நமக்கு அந்த நாள்கள் நினைவுக்கு வந்தன. ஆனால் 1806இல் அந்தத் தடைச்சட்டங்களை நீக்கியதும் ஒரு புரட்டஸ்தாந்த அரசுதான். அங்கிலாந்தில் கத்தோலிக்கருக்கு விடுதலை கிடைப்பதற்கு 23 ஆண்டுகளுக்கு முன்பே ஆங்கிலேயர் இங்கே அதைச் செய்தனர். அமெரிக்க மிசனாரை நமது முன்னோர் மறுபிறவி எடுத்த ஒல்லாந்தராகவே கண்டார்கள். 1841இல் மிசனாரின் உதயதாரகை வந்தது. 1876இல் நமது சத்தியவேத பாதுகாவலன் வந்தது. பெயரைப் பாருங்கள்: பாதுகாக்கவேண்டிய நிலை! இரு பக்கத்தாரும் துண்டுப்பிரசுரங்களால் அடித்துக்கொண்டதைச் சைவ அயலவர் பார்த்துக்கொண்டிருந்தனர். ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகமத் தமிழாக்கத்தில் உதவியவர். நமது வழக்கு அவருக்கு நம்மைவிட நன்றாய்த் தெரிந்திருக்கும்.

அந்தச் சண்டையின் வால்முனையில் நானும் நின்றேன். 1962இல் பெரியம்மாவின் மூத்த மகளுக்குக் கலியாணம். புதுச்சட்டை போட்ட பிள்ளைகள் நாங்கள் ஆலயப் படலையில் நின்றோம். உள்ளே போவது பாவமென்று சொல்லப்பட்டிருந்தது. தமது சொந்தத் தமக்கையின் மகள் மாலை மாற்றுகிற நேரத்தில் அம்மாவும் எங்களோடு வெயிலில் நின்றார். உண்மையில் 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமே அவ்வளவு கடுமையாக இருக்கவில்லை. பிற சபையாரின் கலியாணத்திலும் மரணச் சடங்கிலும், தக்க காரணமிருந்தால், பங்குபற்றாமல் மரியாதைக்குச் சமுகமளிக்க அது இடங்கொடுத்தது. சட்டம் கேட்காத கண்டிப்பை நாங்களே சேர்த்துக்கொண்டோம். பெரியம்மா பிறகு வெளியே வந்து கேக் துண்டுகளைக் கொடுத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போனார்.

இரண்டு வருடம் கழித்து, 1964இல், இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவ ஒன்றிப்புப்பற்றிய ஏட்டை வெளியிட்டது. அது முதலில் கேட்பது ஒன்றுகூடிச் செபிப்பதைக்கூட அல்ல. பிரிந்த சகோதரரின் நிலையை உண்மைக்கும் நீதிக்கும் ஒத்தவிதமாகக் காட்டாத சொற்களையும் தீர்ப்புகளையும் செயல்களையும் ஒழிக்கும்படி கேட்கிறது. எட்டாம் கட்டளைதான் அது, அல்லது ஒன்பதாவது.

அதற்குப்பின் நல்லவை நடந்தன. தமிழகத்தில் இரு பக்கத்து அறிஞரும் கூடி உழைத்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 1995இல் வெளிவந்தது. நாம் இராயப்பரையும் அருளப்பரையும் சின்னப்பரையும் விட்டு, பேதுரு, யோவான், பவுல் என்று வாசிக்கப் பழகினோம். (சூசையப்பரை விட எனக்கு இன்னும் மனமில்லை.) அவர்களிற் பலர் பழைய வேதாகமத்தையும் 'கர்த்தர்' என்ற சொல்லையும் விடவில்லை, அதற்காக அவர்களைக் குறைசொல்லவும் எனக்கு மனமில்லை. தென்னிந்திய திருச்சபையின் யாழ்ப்பாண முதற் பேராயர் குலேந்திரன் தமிழ் வேதாகமத்தின் வரலாற்றை எழுதியவர். நமது வீடுகளில் அந்நூலைக் கண்டவர் எத்தனை பேர்?

அதே 1995இல், ஒக்டோபர் 30ஆம் திகதி, வலிகாமம் முழுவதும் தெருவில் இறங்கியதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பெரியம்மாவும் நாங்களும் ஒரே பாயில் படுத்தோம். இரவில் நாங்கள் செபமாலை சொன்னோம். அவர் பக்கத்திலிருந்து சங்கீதம் வாசித்தார். ஒருவரும் விறாந்தைக்குப் போகவில்லை. போவதற்கு விறாந்தையில் இடமிருக்கவில்லை.

இதைவைத்து, எல்லாம் ஒன்றுதான், வித்தியாசம் ஒன்றுமில்லை என்று சொல்லவருகிறேன் என எண்ணாதீர்கள். அதுவும் பொய்ச்சாட்சிதான், தேன் தடவிய பொய்ச்சாட்சி. வித்தியாசம் உண்டு. நற்கருணையில் நாம் விசுவசிப்பதை அவர்கள் அப்படியே விசுவசிப்பதில்லை. ஆகையால், சட்டம் குறிக்கும் அருமையான சந்தர்ப்பங்கள் தவிர, ஒரே பந்தியில் அமர முடியாமலிருக்கிறோம். கலப்புமணத் தம்பதிகளைக் கேட்டால் அந்த நோவு தெரியும். மரித்தோருக்கான செபமோ அதைவிட ஆழமான வித்தியாசம். மக்கபேயர் இரண்டாம் நூலில் யூதா இறந்த வீரர்களுக்காகப் பாவநிவாரணப் பலி ஒப்புக்கொடுக்கச் செய்ததை நாம் வேதவாக்காக வாசிக்கிறோம். அந்த நூல் பெரியம்மாவின் வேதாகமத்தில் இல்லை. அவருக்கு மரித்தோருக்காகச் செபிப்பது அன்பின் குறைவால் விடப்பட்டதல்ல. சிலுவையில் முடிந்ததை முடியாததுபோல நடத்தக்கூடாதென்ற பயத்தால் விடப்பட்டது. நாமோ அந்த ஒரே பலியின் பயனைத்தான் அவர்களுக்காக இரந்து கேட்கிறோம், புதிதாக ஒன்றைச் சேர்க்கவில்லை. இப்படி அவர் சொல்வதை அவர் ஒப்புக்கொள்ளும் விதமாகச் சொல்லிவிட்டு, அதன்பின் நான் உடன்படவில்லை என்று சொன்னால், அது நேர்மையான வேற்றுமை.

இனி என் பூசைக்கு வருகிறேன். திருச்சபை தடுக்கவில்லை, 1976இல் உரோமை வெளியிட்ட ஆணை, உறவினர் கேட்டால் பிற கிறிஸ்தவருக்காகப் பகிரங்கமாகவும் பூசை ஒப்புக்கொடுக்க வழிவிட்டது. தடை பெரியம்மாவின் சொல்தான். ஒருவர் வேண்டாமென்ற செபத்தை அவருக்காகச் செய்யலாமா? நெடுநாள் யோசித்தேன். செபம் நான் இறைவனோடு பேசுவது. என் விசுவாசம் உண்மையென்றால், பேசாமலிருப்பது அவரை நான் கைவிட்டதற்குச் சமம். அவருடைய சம்மதம் அதற்குத் தேவையில்லை; அவரும் என் மனந்திரும்புதலுக்காக என்னைக் கேட்காமல் அறுபது வருடம் செபித்தவர்தானே! ஆனால் கோயிலில் அவருடைய பெயரை வாசிப்பது வேறு. அது சனங்களோடு பேசுவது. தாமே மறுத்த ஒன்றுக்கு, வாய்திறக்க முடியாத காலத்தில், அவரைச் சாட்சியாக நிறுத்துவதாகும்.

ஆகவே ஒரு புதன்கிழமைக் காலைப் பூசையைக் கேட்டுக்கொண்டேன். சுவாமியார் பெயரைக் கேட்டபோது, தனிப்பட்ட கருத்துக்காக என்று எழுதும்படி சொன்னேன். அதற்கு முன் அக்காவிடமும் சொல்லிவிட்டேன். ஒளித்துச் செய்ய மனம் வரவில்லை. அவர் சிறிது நேரம் பேசாமலிருந்து, "அம்மா இருந்தால் உன்னோடை சண்டை பிடிச்சிருப்பா" என்றார். பிறகு, ஞாயிற்றுக்கிழமை தங்கள் சபையில் நன்றி ஆராதனை இருக்கிறது, நேரத்தோடு வந்து உள்ளே முன்வரிசையில் இருக்கவேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். போனேன்.