நேத்து செஞ்சானே

எங்கள் வீட்டில் அதிகம் புழங்கும் வாக்கியம் எது என்று கேட்டால் ‘நேத்து செஞ்சானே’ என்பதைத்தான் சொல்வேன். என் மகனுக்கு ஏழு வயது, ஆட்டிசம். திங்கட்கிழமை தானாகச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டு “தண்ணி வேணும்” என்று முழுசாகக் கேட்பவன், வியாழக்கிழமை குடத்துக்குப் பக்கத்திலேயே நின்று தலையில் அடித்துக்கொள்வான். உடனே அப்பாயி அந்த வாக்கியத்தைச் சொல்வார். பள்ளிக்கூடத்திலும் சொல்வார்கள்.

கேட்கச் சாதாரணமாக இருந்தாலும் அதற்குள் ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது. முடியும், வேணும்னே செய்யல. ஒருவரால் முடியாததை அவர் கடமையாக்க முடியாது என்பது அறவியலின் பழைய பாடம். காண்ட் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். நாம் அதிலிருந்து இன்னொன்றைக் கண்டுபிடித்துவிட்டோம்: ஒரு தடவை முடிந்துவிட்டால் இனி எப்போதும் செய்தாக வேண்டும். ஒரு வார்த்தைகூடப் பேசாத பிள்ளையை ஊர் ‘பாவம்’ என்று விட்டுவிடும். அவ்வப்போது பேசுகிறவனைத்தான் “திமிரு” என்கும், “செல்லங்குடுத்துக் கெடுத்துட்ட” என்று என்னையும் சேர்த்துக்கொள்ளும். நல்ல நாளெல்லாம் அவன் தலையில் கடனாக ஏறுகிறது.

உண்மையில் ஆட்டிசம் வந்து வந்து போவதில்லை. அது மூளை வளர்ந்த விதம். மாறுவது அந்தந்த நாளின் சுமைதான்: தூக்கம், சத்தம், சொல்லத் தெரியாத வயிற்றுவலி. எங்கள் ஆவூர் பெரியநாயகி மாதா கோயிலில் ஈஸ்டருக்குப் பாஸ்கா நடக்கும். மைக்செட், வெடி, வீடு நிறையச் சொந்தக்காரர்கள். அந்த நாள்களில் அவன் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் கிடப்பான். எல்லாம் அடங்கிய பிறகு ஒவ்வொரு வார்த்தையாகத் திரும்பி வரும். (சதுரகராதி தந்த வீரமாமுனிவர் இருந்த ஊர் என்று எங்களுக்கு ஒரு பெருமை உண்டு. எங்கள் வீட்டு அகராதியில் சில நாள் இருபது சொல் இருக்கும், சில நாள் ஒன்றுமே இருக்காது.) “மாதா கண்ணத் தொறந்துட்டா” என்பார்கள். நான் மறுப்பதில்லை. ஆனால் அடுத்த மாதம் அவன் வாய் மூடிக்கொண்டால் “நேர்ச்சை எதையாச்சும் மறந்துட்டியா?” என்று என்னிடம்தான் வருவார்கள்.

லியோ கானர் 1943இல் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில், எல்லாம் மாறாமல் அப்படியே இருக்க வேண்டும் என்ற அவர்களின் தவிப்பை முக்கியமான அடையாளமாகக் குறித்தார். படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. தினமும் ஒரே மாதிரி இருக்கணும்னு அடம்பிடிப்பது அவன் மட்டுமா?

ஊனமுற்றோர் சான்றிதழுக்காகப் போனபோது ஒரு படிவத்தைப் பார்த்தேன். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆட்டிசமும் சேர்ந்திருக்கிறது. அளப்பதற்கு ஐசா என்ற இந்திய அளவை. மொத்தம் 40 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். என் பிள்ளையை ஒரு எண்ணாக்கப் போகிறார்கள் என்ற கடுப்போடுதான் உட்கார்ந்தேன். ஆனால் அது கேட்டது ‘செய்வானா, மாட்டானா’ என்று அல்ல. அரிதாகவா, சில நேரமா, அடிக்கடியா, பெரும்பாலுமா, எப்போதுமா என்று. அந்தக் கேள்விக்கு என்னால் பொய் இல்லாமல் பதில் சொல்ல முடிந்தது. ஒரு அரசாங்கப் படிவத்துக்கு இருந்த பொறுமை எங்கள் தெருவுக்கு இல்லை.

இதைவிடக் கஷ்டமான விஷயம் காய்ச்சல்.

போன வருஷம் 102 டிகிரி அடித்தது. நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தேன். நேராக என் கண்ணைப் பார்த்து, “அம்மா, கால் வலிக்குது” என்றான். தனக்கு எங்கே வலிக்கிறது என்று அவன் சொன்னது அதுதான் முதல் தடவை. மருந்தை நேரத்துக்குக் கொடுத்தேன். ஆனால் கை ஒரு நிமிஷம் தயங்கியது. மறுநாள் சூடு இறங்கியது. பேச்சும் இறங்கிவிட்டது.

இது என் கற்பனை இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். 2007இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில், ஆட்டிசம் உள்ள 30 குழந்தைகளைக் காய்ச்சலின்போது கவனித்து எழுதியிருக்கிறார்கள். பலரிடம் எரிச்சலும் பரபரப்பும் குறைந்திருக்கின்றன. 2018இல் வந்த இன்னொரு ஆய்வில் 2,152 குழந்தைகளில் 17 சதவீதம் பேரிடம் இப்படி ஒரு மாற்றத்தைப் பெற்றோர் சொல்லியிருக்கிறார்கள். காரணம் இன்னும் உறுதியாகவில்லை.

என்னை உறுத்துவது காரணம் அல்ல, அந்தத் தயக்கம். அது யாருக்காக? காய்ச்சலில் பேசியவன்தான் என் உண்மையான பிள்ளை, மற்ற நாளெல்லாம் அவனை ஏதோ மூடிக்கொண்டிருக்கிறது என்று நினைப்பது எவ்வளவு சுலபம்! அப்படியானால் கட்டிலுக்கு அடியில் கிடந்து, நான் விரலை நீட்டினால் பிடித்துக்கொள்பவன் யார்? ஏழு வருஷமாக நான் சோறூட்டுவது ஒரு மூடிக்கா? அன்றைக்கு அவனுக்கு உடம்பு கொதித்தது, கால் வலித்தது. அந்த வலியைச் சொன்ன வார்த்தையைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன்.

“அடுத்த தடவ காய்ச்சல் வந்து பேசுனான்னா வீடியோ எடுத்து வச்சுக்குவோம்” என்றார் என் கணவர். ஆசையாகத்தான் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். முடியாத ஒரு நாளில் அதைப் போட்டுக் காட்டி, ‘பாரு, பேசுறல்ல’ என்று அவனிடமே கேட்போம் என்று பயமாக இருந்தது. அவர் இன்னும் சமாதானம் ஆகவில்லை.