மடியில் தொடங்கும் ஓதல்

பத்ரு யுத்தம் முடிந்தது. ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு, கி.பி. 624. மக்கத்துக் குறைஷிகளில் எழுபது பேர் வரை முஸ்லிம்களின் கையில் சிறைப்பட்டார்கள். அவரவர் வசதிக்குத் தக்கபடி நாலாயிரம் திர்ஹம் வரை ஈட்டுத்தொகை பெறப்பட்டது. கொடுக்க வகையற்ற கைதிகளுள் எழுத்தறிந்தவர்களுக்கு நம் பெருமானார் (ஸல்) அவர்கள் விதித்த ஈடு எது? மதீனத்துப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுதப் படிக்கக் கற்றுக் கொடுத்துவிட்டு ஊர் போகலாம் என்பதே. வயிற்றுக்கே தட்டுப்பாடான காலம் அது. அந்த நெருக்கடியிலும், ஒரு கைதியின் ஈட்டுத்தொகை பத்துக் குழந்தைகளின் எழுத்தறிவுக்கு ஈடாக வைக்கப்பட்டது. பின்னாளில் திருக்குர்ஆனைத் தொகுக்கும் பெரும் பொறுப்பைச் சுமந்த ஜைது இப்னு தாபித் (ரலி) அவர்களும் அப்படிக் கற்ற பிள்ளைகளுள் ஒருவர் என்று ஓர் அறிவிப்பு உண்டு.

இதை நாம் மீலாது மேடைகளில் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டோம். ஆனால் நம் வீட்டு மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு எழுத்தைக் காட்டும் வேலை வந்ததும், பணத்தைக் கட்டி எங்கேயாவது சேர்த்துவிட்டால் நம் கடமை தீர்ந்தது என்று இருந்து விடுகிறோம். பள்ளிக்கூடமும் வேண்டும், மதரஸாவும் வேண்டும், மறுப்பவர் யார்? எனினும் முப்பது பிள்ளைகளுக்கு நடுவே உஸ்தாது ஒரு பிள்ளைக்குத் தரக்கூடிய நேரம் சில நிமிடங்கள்தாம். உம்மாவின் மடியில் கால் மணி நேரம் என்றால் அது முழுவதும் அந்தப் பிள்ளைக்கே. ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்ற சஹாபியப் பெண்மணி, நம் அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்றுக் கொடுத்தார்கள் என்று அபூதாவூதில் வருகிறது. நபிகளாரின் வீட்டுக்குள் எழுத்து நுழைந்தது ஒரு பெண்ணின் கையால் என்பதை நம் தாய்மார்கள் மறந்துவிடக் கூடாது.

முதலில் ஒரு மயக்கத்தைத் தெளிவாக்கிக் கொள்வோம். ஓதுவது வேறு, ஒப்பிப்பது வேறு. நான்கு வயதுப் பிள்ளை, 'அலிஃபுக்கு ஸபர் அ, ஸேர் இ, பேஷ் உ' என்று ராகம் போட்டுப் பாடும்போது வீடே பூரித்துப் போகிறது. விரல் எங்கோ இருக்கிறது, கண் ஜன்னலில் இருக்கிறது, வாய் மட்டும் ஓடுகிறது. அதே பக்கத்தில் நடுவில் ஓர் எழுத்தைத் தொட்டு, 'இது என்ன, கண்ணே?' என்று கேட்டால் பிள்ளை திருதிருவென விழிக்கிறது. தமிழிலும் இதே கதைதான். 'அம்மா, ஆடு, இலை' என்று படத்தைப் பார்த்துச் சொல்லும் பிள்ளை, படத்தைக் கையால் மறைத்தால் நின்றுவிடுகிறது. மனனம் செய்வது பெரும் பாக்கியம். சிறு சூராக்கள் அப்படித்தான் நெஞ்சில் ஏற வேண்டும். அதைப் படிப்பு என்று நாம் எண்ணிக்கொண்டால், ஏழெட்டு வயதில் புதுப் பக்கம் ஒன்றைத் திறந்ததும் பிள்ளை தவிக்கும். அப்போது 'மந்தப் பிள்ளை' என்று பட்டம் வேறு சூட்டுவோம். ஆகவே வாரம் ஒரு தடவை வரிசையைக் கலைத்து, கீழிருந்து மேலாக, நடுவிலிருந்து ஓரமாக எழுத்துக்களைத் தொட்டுக் கேட்டுப் பாருங்கள். பரீட்சை போல வேண்டாம், விளையாட்டாக இருக்கட்டும்.

கண்ணுக்கு எழுத்து தெரிவதற்கு முன் காதுக்கு ஓசை தெரிய வேண்டும். சோறு ஊட்டும்போதே இதைச் செய்யலாம். 'பாய், பழம், பல்லி, கதவு. இதில் சேராதது எது?' என்று கேட்டால், கதவு என்று சொல்லிப் பிள்ளை சிரிக்கும். எல்லாம் 'ப' என்ற ஓசையில் தொடங்குகின்றன, இது மட்டும் தொடங்கவில்லை என்று அந்தச் செவி பிரித்துவிட்டது. இந்தப் பிரித்தறிதல் வந்த பிள்ளைக்கு எழுத்து சீக்கிரம் பிடிபடும்.

பிறகு எழுத்து. தமிழில் எழுத்துக்கள் 247. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று. இவ்வளவையும் வரிசையாக ஒப்பித்த பிறகுதான் சொல் படிக்க வேண்டும் என்றால் பிள்ளை வழியிலேயே களைத்துப் போகும். ட, ப, ம என்ற மூன்று எழுத்தும் ஒரு புள்ளியும் தெரிந்தால் போதும்; படம், பட்டம், மடம், மட்டம் என நான்கு சொற்களைப் படித்துவிடலாம். மூன்றாம் நாளே ஒரு சொல்லைத் தானாகக் கூட்டிப் படித்த பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்! அந்த ருசி கண்டுவிட்டால் பிறகு அதுவே புத்தகத்தை இழுத்துக்கொண்டு வரும். பிள்ளையின் பெயரையும் எழுதிக் காட்டுங்கள். எந்தப் பிள்ளைக்கும் தன் பெயர்தான் உலகத்திலேயே இனிய சொல். நாட்காட்டித் தாள், உப்புப் பொட்டலம், பேருந்துப் பலகை, கடைப்பெயர் இவையெல்லாம் காசில்லாத பாடப் புத்தகங்களே.

அரபி எழுத்துக்களில் பல, உருவம் ஒன்றாயிருந்து புள்ளியால் வேறுபடுபவை. கீழே ஒரு புள்ளி வைத்தால் பே. மேலே இரண்டு வைத்தால் தே. மூன்று வைத்தால் ஸே. மூன்றையும் ஒரே நாளில் காட்டினால் பிள்ளை குழம்பும். பேயை நன்றாகப் பழக்கி, சில நாள் விட்டுத் தேயைக் காட்டுவதே நல்லது. தமிழ் இடமிருந்து வலம், அரபி வலமிருந்து இடம். இரண்டையும் ஒரே அமர்வில் நடத்தாமல், காலையில் ஒன்று, மகரிபுக்குப் பின் ஒன்று என்று நேரத்தைப் பிரித்துவிட்டால் இரண்டும் அதனதன் வழியில் போகும். எழுத்தைத் திருப்பிப் போட்டுக் கண்ணாடியில் தெரிவது போல எழுதினால் பதறாதீர்கள். ஆறு, ஏழு வயது வரை பல பிள்ளைகள் அப்படி எழுதுவார்கள். பென்சிலைப் பிடிக்கும் வலு அந்தச் சிறு விரல்களுக்கு இன்னும் வரவில்லை. மணலில் விரலால் எழுதட்டும், சிலேட்டில் பெரிதாக எழுதட்டும். எத்தனை பொறுமையாகக் காட்டியும் பிடிபடவில்லை என்றால் பிள்ளையைக் குறை சொல்லுமுன் கண்ணையும் காதையும் வைத்தியரிடம் காட்டிவிடுங்கள்.

எந்த வயதில் தொடங்குவது? நான்கு வயது, நான்கு மாதம், நான்கு நாள் நிறைந்ததும் பிஸ்மில்லாஹ் சொல்லி ஓத வைப்பது நம் நாட்டு முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் உள்ள வழக்கம். வழக்கம் என்றுதான் சொல்கிறோம். மார்க்கக் கட்டளை அல்ல. அந்த நாளைக்குப் பந்தல் போட்டு விருந்து வைப்பவர்கள், மறுநாள் பிள்ளையோடு உட்கார ஆளில்லாமல் விட்டுவிடுவது உண்டே, அதுதான் நமக்கு வருத்தம். தொழுகையையே ஏழு வயதில்தான் ஏவச் சொன்னார்கள் ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள். அப்படியிருக்க, நான்கு வயதுப் பிள்ளையைச் சிலேட்டுக்காக அடிக்க நமக்கு உரிமை தந்தவர் யார்? அபூஸலமாவின் மகன் உமர் (ரலி) சிறு பையனாக நபிகளாரின் வீட்டில் வளர்ந்தார். தட்டில் அங்குமிங்கும் கைவிட்டு உண்டபோது, பிஸ்மில்லாஹ் சொல்லி, வலக்கையால், உன் பக்கத்திலிருந்து உண் என்று மூன்று சிறு விஷயங்களைச் சொன்னதோடு சரி. அதன் பிறகு தாம் உண்ணும் முறையே அதுவாகிவிட்டது என்று அவரே பிற்காலத்தில் சொல்கிறார். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி இது.

இன்னொன்று. 'இதைப் படித்தால் மிட்டாய் தருகிறேன்' என்று சொல்லிவிட்டு நழுவுவது நம் வீடுகளில் சாதாரணமாகிவிட்டது. தன் பிள்ளையை, 'வா, ஒன்று தருகிறேன்' என்று அழைத்த தாயிடம், என்ன தரப்போகிறாய் என்று பெருமானார் கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் அவர். ஒன்றும் கொடுக்காதிருந்தால் அது உன் மீது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்றார்கள். பிள்ளையிடம் சொன்ன மிட்டாயும் பதிவாகிறது. மிட்டாய் கொடுக்க முடியாவிட்டால் சொல்லாதீர்கள். நெற்றியில் ஒரு முத்தம் போதும்.

இந்நாளில் பிள்ளையை அமைதிப்படுத்தக் கைப்பேசியைக் கொடுத்துவிட்டு, 'அதிலேயே எழுத்தெல்லாம் வருகிறது' என்று சமாதானம் சொல்கிறோம். ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. திரை பேசும், பிள்ளை பதில் சொன்னால் அதன் முகத்தைப் பார்த்துத் தன் பேச்சை நிறுத்தி, பிழையை அன்போடு திருத்தாது. ஆனால் சபுரில் இருக்கும் வாப்பாமார்களுக்கு அதே கைப்பேசியில் ஒரு நல்ல வேலை உண்டு. 'என்ன வாங்கிவர?' என்ற கேள்வியோடு பேச்சை முடிக்காமல், ஒரு கதைப் புத்தகத்தை அங்கே ஒன்று, இங்கே ஒன்றாக வைத்துக்கொண்டு, வாரம் இரண்டு இரவு வாப்பா வாசிக்க, பிள்ளை இங்கே விரல் வைத்துத் தொடரட்டும். அதே கதையை இருபது முறை கேட்டாலும் சலிக்காமல் வாசிக்க வேண்டும். நமக்குத்தான் அது பழையது.

'எனக்கே எழுத்துத் தெரியாதே, நான் எப்படிச் சொல்லிக் கொடுப்பேன்?' என்று கேட்கும் உம்மாமார்களும் உம்மும்மாமார்களும் இருக்கிறார்கள். ஒருகாலத்தில் நம் கடற்கரை ஊர்களில் தமிழ் எழுத்தறியாத பெண்கள் பலர், குர்ஆன் ஓதப் பழகிய அதே எழுத்தில் அரபுத்தமிழ்க் கிதாபுகளைப் படித்து மார்க்கச் சட்டம் அறிந்தார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) அவர்களின் 'மஃகானி' போன்ற நூல்கள் அப்படி வீடுகளில் ஓதப்பட்டவை. கையில் இருந்த எழுத்தை வைத்துக்கொண்டு இல்லாத கல்வியைப் பெற்றவர்கள் அவர்கள். எழுத்தே தெரியாதவர்களுக்கும் செவி இருக்கிறது, கதை இருக்கிறது. யூசுப் நபியின் கிணற்றையும், யூனுஸ் நபியின் மீனையும் சொல்லச் சொல்லப் பிள்ளையின் சொற்செல்வம் பெருகும். மதரஸாவிலிருந்து வந்த பிள்ளையிடம், 'இன்று படித்ததை எனக்குக் கற்றுக் கொடு' என்று பாயில் உட்கார்ந்து கேட்கலாம். திக்கித் திக்கிச் சிரமத்தோடு குர்ஆன் ஓதுபவருக்கு இரட்டைக் கூலி உண்டு என்ற ஹதீஸில் வயது வரம்பு ஏதும் இல்லை. அறுபது வயது உம்மும்மாவும் நான்கு வயதுப் பேரனும் ஒரே பேயின் மேல் விரல் வைக்கலாம். அவன் முந்திக்கொண்டு சொல்லட்டும்.