அச்சு சூடாகும் வரை

டிசம்பர் 24. வள்ளூர் அனல்மின் நிலையத்தில் 3 அலகுகள், ஒவ்வொன்றும் 500 மெகாவாட். கிறிஸ்துமஸ் பண்டிகை என்றாலும் ஷிப்ட் ஓடும். பகல் ஷிப்ட் முடித்து அத்திப்பட்டுப் பக்கம் வீடு திரும்பிய பிறகு, மீஞ்சூர் கடைத்தெருவில் பரிசு தேடி அலைய யாருக்குத் தெம்பு?

பரிசாகக் கையாலேயே ஒரு நட்சத்திரம் கட்டலாம்தான். பத்து மூங்கில் குச்சி, நடுவில் முட்டுக்கொடுக்க ஐந்து துண்டு, நூல், பசை, காகிதம். பசை காய்வதற்குள் பாலன் பிறந்துவிடுவார்.

அச்சு முறுக்கு அப்படியில்லை. அரிசி மாவு, மைதா, தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை, கொஞ்சம் எள். ஆனால் அச்சை எண்ணெயில் நன்றாகச் சூடாக்க வேண்டும். அவசரப்பட்டு ஆறிய அச்சைத் தோய்த்தால் மாவு பிடிக்காது. முக்கால் அளவுக்கு மேல் முக்கினாலோ, மாவு அச்சின் தலையை மூடிக்கொண்டு கழன்று வர மறுக்கும். சரியாகத் தோய்த்துவிட்டால் எண்ணெயில் 'சொய்ங்' என்று சத்தம். லேசாக ஓர் உதறு, பூ தனியே மிதக்கும். முதல் இரண்டு எப்போதும் கோணல்தான். அவை வீட்டுப் பிள்ளைகளுக்கு.

ஆறியதும் டப்பாவில் அடுக்கிப் பக்கத்து வீட்டு அக்காவிடம் நீட்டலாம். தீபாவளிக்கு அவர் அதிரசம் கொடுத்தனுப்பிய டப்பாதான் அது. காலியாகத் திருப்பித் தர இத்தனை நாள் மனசு வரவில்லை.