பதில் வராத நட்பு

நட்பில் கணக்குப் பார்க்கலாமா? 'நான் மூன்று முறை அழைத்தேன், அவள் ஒரு முறைகூட அழைக்கவில்லை' என்று எண்ணிக்கொண்டிருப்பது முறையா? அப்படி எண்ணாமல் விட்டுவிட்டால் மட்டும் நட்பு தானாக நிலைத்து நிற்குமா? எங்கள் இல்லத்தில் நிகழ்ந்த ஒரு சிறு உரையாடல் இக்கேள்விகளை என்முன் வைத்தது.

புணேயில் வசிக்கும் என் தங்கையின் மகளுக்குக் கல்லூரி நாள்முதல் உயிர்த்தோழி ஒருத்தி உண்டு. விடுதியில் நான்கு ஆண்டுகள் ஒரே அறையில் வாழ்ந்தவர்கள். தோழி திருமணமாகிக் கனடாவின் டொரண்டோ நகருக்குச் சென்றாள். அங்கே அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. முதல் சில வாரங்கள் வாட்ஸ்அப்பில் குழந்தையின் படங்கள் வந்தன. பிறகு அவையும் நின்றன. நான்கு மாதங்களாக எந்தச் செய்திக்கும் பதில் இல்லை.

"குழந்தை வந்ததும் பழைய மனிதர்கள் வேண்டாதவர்கள் ஆகிவிடுகிறார்களா, மாமா? இனி நானாக அழைப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்" என்றாள் அவள்.

"சென்ற மாதம் உன் அப்பாவுக்கு இதய அறுவைச் சிகிச்சை நடந்ததே, அதை அவளிடம் சொன்னாயா?" என்று கேட்டேன்.

"இல்லை மாமா. கைக்குழந்தையோடு இருப்பவளை எதற்காகக் கலங்க வைக்க வேண்டும்?"

அவள் பேசாததை இவள் புறக்கணிப்பு என்றாள். தான் பேசாததைப் பரிவு என்றாள். பிறருடைய மௌனத்திற்கு ஒரு பொருளும், நம்முடைய மௌனத்திற்கு வேறு பொருளும் கொள்வது மனித மனத்தின் இயல்பு. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

கடலுக்கு அப்பாலுள்ள அந்த வீட்டைச் சற்று நினைத்துப் பார்ப்போம். பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும். இரவென்றும் பகலென்றும் அதற்கு வேறுபாடு இல்லை. நம் நாட்டில் பிரசவித்தவளைச் சூழ்ந்து தாய், பாட்டி, அத்தை, அண்டை வீட்டார் என்று பலர் இருப்பர். அங்கோ பார்வையாளராக வரும் தாய்க்குப் பொதுவாக 6 மாதமே தங்க அனுமதி. அவர் ஊர் திரும்பியதும், கணவர் பணிக்குச் சென்றபின் தாயும் சேயும் மட்டுமே. டொரண்டோவின் கடிகாரம் நம்முடையதைவிடக் கோடையில் ஒன்பதரை மணி நேரமும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் பின்தங்கி ஓடுகிறது. நள்ளிரவு கடந்து அவள் குழந்தையை மடியில் வைத்து விழித்திருக்கும்போது, இங்கே தோழி அலுவலகத்தில் வேலையில் ஆழ்ந்திருப்பாள். இவள் ஓய்வாக அமரும்போது, அவளுக்குக் குளிப்பாட்டவும் துணி துவைக்கவும் நேரம் சரியாக இருக்கும்.

இங்கே புறநானூறு காட்டும் ஒரு நட்பு நினைவுக்கு வருகிறது. கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் நாம் அறிவோம். ஒருவரை ஒருவர் நேரில் காணாமலே உயிர் ஒன்றிய நட்பு அது. சோழன் வடக்கிருந்தபோது, தன் நண்பர் வருவார் என்று உறுதியாகச் சொல்லி அவருக்கு இடம் ஒதுக்கச் செய்தான். அவரும் பாண்டிய நாட்டிலிருந்து வந்தார்.

அதே வரலாற்றில் பொத்தியார் என்ற இன்னொரு நண்பரும் இருக்கிறார். அவரைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. எப்போதும் மன்னனுடன் இருந்த அவர், தாமும் உடன் வடக்கிருக்க விரும்பினார். அப்போது அவர் மனைவி கருவுற்றிருந்தாள். மன்னன் இசையவில்லை, மகன் பிறந்தபின் வருமாறு சொல்லி அனுப்பிவிட்டான். பொத்தியார் திரும்பி வந்தபோது மன்னன் நடுகல்லாக நின்றான். அக்கல்லிடமே அவர் தமக்குரிய இடத்தைக் கேட்டார்.

வடக்கிருத்தல் அக்காலத்து வழக்கம். அது நமக்கு முன்மாதிரி அன்று. ஆனால் தன் இறுதி நாளில்கூட, நண்பன்மீது தனக்குள்ள உரிமையைப் பிறக்கப்போகும் குழந்தைக்குப் பின்னால் வைத்தானே, அந்த மன்னனின் உள்ளம் நமக்குப் பாடம். 'இப்போது உன் கடமை அங்கே. உன் இடம் இங்கே காத்திருக்கும்' என்பதே அவன் செயலின் பொருள். திருவள்ளுவரும் 'பழைமை' என்று தனி அதிகாரம் வகுத்து, நெடுநாள் நண்பர் உரிமையால் செய்யும் பிழைகளைப் பொறுப்பதை நட்பின் இலக்கணமாகவே வைத்தார்.

அப்படியானால் மௌனம் எவ்வளவு நீண்டாலும் தீங்கில்லையா? அப்படியும் சொல்வதற்கில்லை. நட்பைப் பற்றி விரிவாக ஆராய்ந்த கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், தொலைவு நட்பை அறுப்பதில்லை, நட்பின் செயலையே தடுக்கிறது என்றார். ஆயினும் பிரிவு மிக நீண்டால் நட்பும் மறக்கப்படும் என்று எச்சரித்தார். நீர் வார்க்காத செடி ஒரே நாளில் பட்டுப்போவதில்லை, ஆனால் பட்டுப்போகும்.

எனவே கடமை இருபுறமும் உண்டு, அளவுதான் வேறு. இயன்றவர் அதிகம் செய்யட்டும், இயலாதவர் குறைவாகச் செய்யட்டும். ஓய்வுள்ளவர் பதிலை எதிர்பாராமல் எழுதலாம். கைக்குழந்தையோடு இருப்பவர், 'இப்போது முடியவில்லை. உன்னை மறக்கவில்லை' என்று ஒரு வரி சொன்னால் போதும். ஐம்பது பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்பும் படம் வெறும் அறிவிப்பு. ஒருவருக்கென்று எழுதும் ஒரு வரியே நட்பு.

இன்னொன்றும் உண்டு. 'அவளுக்கு ஏன் பாரம்' என்று நம் துன்பத்தை மறைப்பது எப்போதும் பரிவாகாது. துன்பத்தில் பங்கு தராதபோது, நண்பரை விருந்தாளியாக்கி வாசலில் நிறுத்திவிடுகிறோம்.

இதையெல்லாம் கேட்டபின் என் தங்கை மகள் தந்தையின் சிகிச்சை பற்றியும் தான் அஞ்சிய இரவுகளைப் பற்றியும் எழுதினாள். 'பதில் எழுத வேண்டாம்; படித்தால் போதும்' என்று முடித்தாள்.

பதில் மறுநாளே வந்தது. அம்மா ஊர் திரும்பிய நாளிலிருந்து யாரிடமும் மனம்விட்டுப் பேசவில்லை என்று தோழி எழுதியிருந்தாள். முதல் வாரம் நேரம் இல்லை. பிறகு தாமதமானதே வெட்கமாயிற்று. வெட்கம் வளர வளர எழுதும் துணிவு போயிற்று. 'அப்பா விஷயத்தை என்னிடம் சொன்னாயே, அதில்தான் நான் இன்னும் உன் தோழி என்று தெரிந்தது' என்பது அவளது கடைசி வரி.

நம்மில் ஒவ்வொருவருக்கும் பதில் வராத நண்பர் ஒருவராவது இருப்பார். 'யார் முதலில்?' என்ற கேள்வியை விடுத்து, இன்றே அவருக்கு ஒரு வரி எழுதுவோம். அவருக்குரிய இடம் நம் உள்ளத்தில் இன்னும் ஒதுக்கப்பட்டே இருக்கிறது என்று அவர் அறியட்டும்.