அடைக்கலம் தந்த ஹபஷா பூமி

இஸ்லாத்தின் முதல் ஹிஜ்ரத் மதீனாவை நோக்கி நடந்ததன்று. ஹபஷாவை நோக்கியே நடந்தது. இதைக் கேள்விப்படாத முஸ்லிம் இல்லை. ஆனால் அந்த ஹபஷா இன்று எங்கே இருக்கிறது, அங்கே காண என்ன உண்டு என்று கேட்டால் நம்மில் பலர் விழிக்கிறோம். இன்றைய எத்தியோப்பியாவின் வடபகுதியும், 1993-ல் அதிலிருந்து பிரிந்து தனி நாடான எரித்ரியாவும் சேர்ந்த மேட்டு நிலமே அன்று ஹபஷா எனப்பட்டது. தொழில் நிமித்தமாக அந்த நாட்டுக்குச் சென்று வரும் சகோதரர்கள் நம்மிடம் ஒரு மஸ்அலா கேட்கிறார்கள். அங்குள்ள பழமையான இடங்களையும் கபுறுகளையும் பார்ப்பதற்கென்றே பயணம் செய்வது ஆகுமா என்பதே அது.

மூன்று பள்ளிவாசல்களுக்கன்றி வேறு பள்ளிக்குப் பயணம் கட்ட வேண்டாம் என்னும் ஹதீஸை எடுத்துக்காட்டி, இதெல்லாம் கூடாது என்று சிலர் சொல்லிவிடுகிறார்கள். அந்த ஹதீஸ் தொழுகையின் சிறப்பை நாடிப் பள்ளிகளுக்குச் செல்வதைப் பற்றியது. வியாபாரம், கல்வி, உறவினரைக் காணல், ஜியாரத் ஆகியவற்றுக்கான பயணங்களை அது தடுக்கவில்லை என்றே ஷாபிஈ, ஹனபீ உலமாக்களில் பெரும்பாலோர் விளக்கியுள்ளார்கள். பூமியில் சுற்றித் திரிந்து, முன் சென்றவர்களின் முடிவு எவ்வாறிருந்தது என்று பாருங்கள் எனத் திருமறை பல இடங்களில் நம்மை ஏவுகிறது. எனவே போகலாம். எந்த மனத்தோடு போகிறோம் என்பதுதான் கேள்வி.

ஹபஷாவில் நாம் வெற்றி வீரர்களாகக் கால் வைத்தவர்களல்லர், அகதிகளாக ஒதுங்கியவர்கள். நபித்துவத்தின் ஐந்தாம் ஆண்டில், கி.பி. 615 வாக்கில், குறைஷிகளின் கொடுமை தாங்க முடியாத நிலைக்கு வந்தபோது, ஹபஷாவில் ஒரு மன்னர் இருக்கிறார், அவரிடத்தில் எவரும் அநீதி செய்யப்படுவதில்லை, அங்கே செல்லுங்கள் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் தம் தோழர்களுக்கு வழிகாட்டினார்கள். அந்த மன்னர் அப்போது முஸ்லிமல்லர், கிறிஸ்தவர் என்பதை வாசகர்கள் இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். தம் அருமை மகளார் ருகையா (ரலி) அவர்களையும் மருமகனார் உஸ்மான் (ரலி) அவர்களையும் அவருடைய நீதியை நம்பியே அனுப்பி வைத்தார்கள்.

முதலில் சென்றது ஒரு சிறு கூட்டம். பின்னர் ஜஅஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்களும் பிறரும் சென்று சேர, ஆண்கள் மட்டுமே 80-க்கு மேற்பட்டனர். குறைஷிகள் விடவில்லை. அம்ர் இப்னுல் ஆஸும் அப்துல்லாஹ் இப்னு அபீ ரபீஆவும் பதனிட்ட தோல்களைக் காணிக்கையாக எடுத்துக்கொண்டு நஜ்ஜாஷியின் அவைக்கு வந்தார்கள். மன்னரைக் காணுமுன் அவருடைய பாதிரிமார் ஒவ்வொருவருக்கும் காணிக்கை கொடுத்து, அகதிகளைப் பேசவே விடாமல் ஒப்படைத்துவிடச் சொல்லும்படி ஏற்பாடு செய்தார்கள். மன்னர் அதற்கு இணங்கவில்லை. என் நாட்டை நாடி வந்தவர்களை அவர்கள் வாய்மொழியைக் கேட்காமல் ஒப்படைக்க மாட்டேன் என்ற கருத்தில் பதில் சொன்னார். இன்றைய உலகில் எத்தனை அரசுகள் இந்த ஒரு நீதியைச் செய்கின்றன?

ஜஅஃபர் (ரலி) அவர்கள் ஸூரத்து மர்யமின் தொடக்கத்தை ஓதிக் காட்டியபோது மன்னரின் தாடி கண்ணீரால் நனைந்தது. மறுநாள் அம்ர், முஸ்லிம்கள் ஈஸா நபியைப் பற்றித் தகாததைச் சொல்கிறார்கள் என்று கிளப்பிவிட்டார். தோழர்கள் கூடி ஆலோசித்தார்கள். மன்னருக்குப் பிடித்ததைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்று அவர்கள் எண்ணவில்லை. எது நேர்ந்தாலும் அல்லாஹ்வும் ரஸூலும் சொன்னதையே சொல்வோம் என்று முடிவெடுத்து, ஈஸா (அலை) அவர்கள் அல்லாஹ்வின் அடியார், அவனது தூதர் என்றே சொன்னார்கள். பாதிரிமார் முணுமுணுத்தார்கள், மன்னரோ தரையிலிருந்து ஒரு குச்சியை எடுத்து, ஈஸா நபி இதற்கு மேல் இந்தக் குச்சியளவும் இல்லை என்ற பொருளில் பேசி, காணிக்கைகளைத் திருப்பிக் கொடுக்கச் செய்தார்.

இவையனைத்தையும் நமக்கு அறிவித்தவர்கள், அந்த அகதிகளில் ஒருவரான அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள். இன்னொன்றையும் அவர்கள் சொல்கிறார்கள். பின்னர் அந்த மன்னருக்கு எதிராக ஒருவன் படை திரட்டியபோது, முஸ்லிம்கள் அவருடைய வெற்றிக்காக அல்லாஹ்விடம் துஆச் செய்தார்கள். போரின் முடிவை அறிந்து வர, வயதில் மிக இளையவரான ஜுபைர் (ரலி) அவர்கள் காற்றூதிய தோல் துருத்தியை மார்பில் கட்டிக்கொண்டு ஆற்றை நீந்திக் கடந்தார்கள். அடைக்கலம் தந்தவரின் நன்மையைத் தம் நன்மையாகக் கருதிய உள்ளங்கள் அவை!

இந்த நினைவோடுதான் அக்ஸூம் நகருக்குள் நுழைய வேண்டும். எத்தியோப்பியாவின் வடக்கே திக்ராய் மாநிலத்தில் உள்ள இவ்வூர் அன்றைய பேரரசின் தலைநகரம். கி.பி. 4-ஆம் நூற்றாண்டில் எஸானா என்னும் மன்னர் காலத்தில் அந்த அரசு கிறிஸ்தவத்தை ஏற்றது. ஒரே கல்லில் செதுக்கிய நெடுங்கற்றூண்கள் இங்குள்ள அதிசயம். அவற்றில் மிகப் பெரியது 33 மீட்டர் நீளம், 500 டன்னுக்கும் மேற்பட்ட எடை. விழுந்து உடைந்து கிடக்கிறது. 24 மீட்டர் உயரமுள்ள மற்றொன்றை இத்தாலியர் 1937-ல் ரோமாபுரிக்குக் கொண்டுபோயினர். அது 2005-ல் திரும்பி வந்து, 2008-ல் மீண்டும் நிறுத்தப்பட்டது. அரசர்கள் தம் கபுறுகளுக்கு அடையாளமாக நட்ட கற்கள் இவை. நட்டவர்களில் பலருடைய பெயரைக்கூட இன்று எவரும் அறியார்.

அதே நகரில் மர்யம் அம்மையார் பெயரால் ஒரு புகழ்பெற்ற தேவாலயம் உண்டு. திருமறை கூறும் தாபூத் என்னும் பேழை அங்கேயே இருப்பதாக அந்நாட்டுக் கிறிஸ்தவர்கள் நம்புகிறார்கள். காவல் காக்கும் துறவி ஒருவரைத் தவிர எவரும் அதைப் பார்க்க முடியாது. வேதக்காரர்கள் சொல்வதை மெய்யென்றும் சொல்லாதீர்கள், பொய்யென்றும் சொல்லாதீர்கள் என்பது நமக்குள்ள நபிமொழி. அங்கே போய் எள்ளி நகையாடுவதும் வாதம் செய்வதும் நம் அதபு அல்ல.

ஹபஷாவில் மாரியா என்ற பெயருள்ள தேவாலயம் ஒன்றைப் பார்த்ததாகவும், அதிலிருந்த உருவப்படங்களைப் பற்றியும் உம்மு ஸலமா, உம்மு ஹபீபா (ரலி) ஆகிய இரு அன்னையரும் பெருமானார் (ஸல்) அவர்களிடம் எடுத்துச் சொன்ன செய்தி ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. பார்த்ததற்காக அவர்களை நாயகமவர்கள் கடிந்துகொள்ளவில்லை. நல்லடியார் ஒருவர் இறந்தால் அவர் கபுறின் மீது வணக்கத்தலம் எழுப்பி, அதில் உருவங்களைத் தீட்டும் வழக்கத்தையே கண்டித்தார்கள். பார்ப்பது வேறு, பின்பற்றுவது வேறு என்பது இதிலிருந்து விளங்கும். அவர்களுடைய அனுமதியோடு, அவர்கள் வணக்கத்தில் இல்லாத நேரத்தில் பார்த்து வரலாம். உருவங்கள் உள்ள இடத்தில் தொழுவது மக்ரூஹ்; தொழுகையை வெளியே வைத்துக்கொள்க.

அக்ஸூம் நகருக்குள் முஸ்லிம்கள் பள்ளிவாசல் கட்டுவதை அங்குள்ள கிறிஸ்தவத் தலைவர்கள் ஏற்பதில்லை. 2019-ல் இந்தக் கோரிக்கை வலுத்தபோதும் மறுத்துவிட்டார்கள். இது நமக்கு வருத்தமே. அவ்வூர் முஸ்லிம்கள் சட்ட வழியில் கேட்பது நியாயமே. ஆனால் இதைச் சொல்லி, அந்த மக்களுக்கு நாம் என்ன கடமைப்பட்டிருக்கிறோம் என்று கேட்பவருக்கு ஒரு வார்த்தை. கஅபாவை இடிக்க யானைப் படையுடன் வந்த அப்ரஹாவும் ஹபஷாக்காரன்தான். நம் குழந்தைகள் ஓதும் அலம் தர கைஃப ஸூரா அவன் கதையே. அதை நன்கறிந்திருந்தும் பெருமானார் (ஸல்) அவர்கள் அப்ரஹாவின் பாவத்தை நஜ்ஜாஷியின் கணக்கில் எழுதவில்லை.

பாறையைக் குடைந்தே எழுப்பிய லாலிபெலாவின் 11 தேவாலயங்களைக் காண உலகெங்கிலுமிருந்து மக்கள் வருகிறார்கள். கல்வேலைத் திறனுக்காக அவை பார்க்கத்தக்கவை, நேரமிருப்பவர் பார்க்கலாம்.

கிழக்கேயுள்ள ஹரர் முஸ்லிம்களின் ஊர். மதிலால் சூழப்பட்ட பழைய நகருக்குள் 82 பள்ளிவாசல்களும் 102 ஜியாரத்துகளும் இருப்பதாக யுனெஸ்கோ பதிவு செய்துள்ளது. 2006-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அதை ஏற்றது. அப்பள்ளிகளில் மூன்று 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. நெடுங்காலம் கல்விக் கூடமாகத் திகழ்ந்த ஊர் அது. எனினும் அங்கிருந்துதான் 1529 முதல் 1543 வரை இமாம் அஹ்மது இப்னு இப்ராஹீம் நடத்திய படையெடுப்பும் புறப்பட்டது. அதில் மலைநாட்டுத் தேவாலயங்கள் பல எரிந்தன. அக்ஸூமின் மர்யம் தேவாலயமும் தப்பவில்லை. பின்னர் 1878-ல் நான்காம் யோஹன்னெஸ் மன்னர் வொல்லோ முஸ்லிம்களை மதம் மாறும்படி கட்டாயப்படுத்தினார். முன்னதை மட்டும் பேசுபவரும், பின்னதை மட்டும் பேசுபவரும் உண்டு. ஹபஷாக்காரர்கள் உங்களை விட்டிருக்கும் வரை நீங்களும் அவர்களை விட்டுவிடுங்கள் என்ற கருத்திலான நபிமொழி அபூதாவூதில் இருக்கிறது. அந்த மண்ணில் இரு தரப்பிலும் சிந்திய இரத்தத்தை நினைக்கும்போது அதன் அருமை புரிகிறது.

எல்லாவற்றையும்விட நாம் காண விரும்புவது நஜ்ஜாஷ் கிராமம். திக்ராயில் வுக்ரோ நகருக்கு வடக்கே சாலையோரம் உள்ள சிற்றூர். மன்னர் அஸ்ஹமாவும் 15 ஸஹாபாக்களும் அங்கே அடங்கியிருப்பதாக அவ்வூரார் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். ஆஷூரா நாளில் பெருங்கூட்டம் கூடும். துருக்கி நாட்டு உதவியால் பள்ளிவாசலும் ஜியாரத்தும் புதுப்பிக்கப்பட்டுச் சில ஆண்டுகளே ஆன நிலையில், 2020 நவம்பரில் மூண்ட திக்ராய் போரில் குண்டு வீச்சுக்கு இலக்காகி மினாரா சிதைந்தது. கபுறுகள் உள்ள இடமும் சேதமுற்றது. அதே நவம்பரின் கடைசி நாட்களில் அக்ஸூமில் நூற்றுக்கணக்கான பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். கிறிஸ்தவரின் தலமும் முஸ்லிமின் தலமும் ஒரே மாதத்தில் அழுதன. 2022 நவம்பரில் சமாதான உடன்படிக்கை ஏற்பட்டது.

அங்கே செல்பவர் கபுறாளிகளுக்குச் சலாம் சொல்லட்டும். ஓதி துஆச் செய்யட்டும். ஸஜ்தா செய்வதோ சுவரைத் தடவுவதோ வேண்டாம். பள்ளியைச் சீர்செய்யக் கையில் இருப்பதைக் கொடுத்து வரட்டும். நஜ்ஜாஷியின் தூதுக்குழு மதீனா வந்தபோது, தோழர்கள் தடுத்தும் பெருமானார் (ஸல்) அவர்கள் தாமே எழுந்து அவர்களுக்குப் பணிவிடை செய்ததாகவும், என் தோழர்களைக் கண்ணியப்படுத்தியவர்களுக்கு நானே கைம்மாறு செய்ய விரும்புகிறேன் என்ற பொருளில் சொன்னதாகவும் சீரா கிதாபுகளில் காண்கிறோம்.

ஹிஜ்ரி 9-ல் அந்த மன்னர் வஃபாத்தான அன்றே மதீனாவில் அதை அறிவித்து, தோழர்களை ஸஃப் ஸஃபாக நிறுத்தி நான்கு தக்பீருடன் ஜனாஸாத் தொழுதார்கள் நாயகமவர்கள். ஷாபிஈ மத்ஹபினர் நம் ஊர்களில் இன்றும் தொழும் காயிப் ஜனாஸாவுக்கு இதுவே ஆதாரம். ஹனபீகள் இதை அந்த மன்னருக்கேயுரிய தனிச் சிறப்பு என்பர். அவர் இஸ்லாத்தை உள்ளத்தில் ஏற்றிருந்தும், தம் நாட்டில் அவருக்காகத் தொழ எவருமில்லாமலிருந்தது என்று உலமாக்கள் காரணம் சொல்கிறார்கள். கடலுக்கு அப்பால் அந்தத் தொழுகையை நடத்த நின்றவர்களில், அவர் நிழலில் பல்லாண்டுகள் பயமின்றித் தொழுதவர்களும் இருந்தார்கள்.