கல்லுக்குக் காவல்

இறந்து போனவர்களுக்கு நாம் ஏதாவது கடன்பட்டிருக்கிறோமா? திதி, தர்ப்பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை. தகப்பன், பாட்டன், முப்பாட்டன் என்று மூன்று தலைமுறையோடு அந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது. அதற்கும் அப்பால், நமக்கு எந்த உறவும் இல்லாத மனிதர்கள் கோடிக்கணக்கில் இருந்து மறைந்திருக்கிறார்களே, அவர்களைப் பற்றித்தான் கேட்கிறேன்.

இந்தக் கேள்வியைக் கிளப்பிவிட்டது ஒரு சஞ்சிகை. தஞ்சாவூரில் தமிழகத் தொல்லியல் கழகம் என்று ஒரு சங்கம் இருக்கிறது. 'ஆவணம்' என்ற இதழை அது 1991 முதல் வெளியிட்டு வருகிறது. புதிதாகக் கண்டெடுத்த கல்வெட்டுக்களை அச்சேற்றுவதுதான் அதன் முக்கியமான வேலை. மேலுக்குப் பார்த்தால், கதைப் புத்தகம் படித்துப் பழகியவர்களுக்குக் கொட்டாவி வரும். இன்ன ஊர், இன்ன கோவில், அதிட்டானத்தின் தென்புறம், இத்தனை வரி, நடுவில் சில எழுத்துக்கள் சிதைந்துள்ளன. ஆனால் ஒவ்வொரு வரிக்காகவும் யாரோ ஒருவர் வெயிலில் நின்றிருக்கிறார். கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த காகிதத்தை அதன்மேல் ஒட்டி, எழுத்தின் பள்ளத்துக்குள் காகிதம் இறங்கும்வரை தூரிகையால் அடித்து, மையை ஒற்றி எடுத்திருக்கிறார். கறுப்புக் காகிதத்தில் வெள்ளையாக எழுத்து எழும்பும். மைப்படி என்பார்கள்.

சிறிய ஊர்களிலும் இப்படி ஆர்வலர் கூட்டங்கள் உண்டு. பள்ளி ஆசிரியரும் ஓய்வு பெற்ற குமாஸ்தாவும் சேர்ந்தால் ஒரு வரலாற்றுக் கழகம் ஆகிவிடும். வருஷக் கடைசியில் கூடி, இந்த ஆண்டு எத்தனை கல் கண்டோம் என்று கணக்குப் பார்ப்பார்கள். பொன்னாடை, வரவேற்புரை, நன்றியுரை எல்லாம் நடக்கும், அதை மன்னித்துவிடலாம்.

எதற்காக இவ்வளவு சிரமம் என்று கேட்டால், 'நம் பெருமையை உலகறியச் செய்ய' என்று மேடையில் சொல்லுவார்கள். இந்தப் பதிலில் எனக்கு நம்பிக்கை இல்லை. பெருமைக்காகப் பாதுகாக்கிறவன், பெருமை இல்லாததைக் கண்டால் என்ன செய்வான்?

செங்கத்துக்குப் பக்கத்தில் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டில் நட்டது. கருந்தேவகத்தி என்பவன் தன் எருமைகளைக் காக்கப் போராடிச் செத்தான். அவனுடைய நாய் இரண்டு திருடர்களைக் கடித்துக் காவல் நின்றது. நாயின் உருவத்தையும் கல்லில் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் எழுதி வைத்தார்கள். பல்லவப் பேரரசின் பெருமை இதில் ஒன்றும் கூடிவிடவில்லை. ஆனாலும், மந்திரிகள் பலருடைய பெயர் மறைந்துபோன நாட்டில், ஒரு நாயின் பெயர் சுமார் 1400 ஆண்டு நிலைத்துவிட்டது. படித்தபோது எனக்கு என்னவோ செய்தது.

பெருமை இல்லை என்றால், கடன் என்று சொல்லலாமா? சொல்லலாம் என்பதற்கு ஒரு சாட்சியம் இருக்கிறது. கோவிலுக்கு விளக்கோ நிலமோ விட்ட கல்வெட்டுக்களின் கடைசியில் ஒரு வேண்டுகோள் அடிக்கடி வரும். இந்தத் தர்மத்தைக் காப்பவனுடைய பாதம் என் தலைமேல் இருக்கட்டும் என்பது அதன் பொருள். அழிப்பவனுக்குக் கங்கைக் கரையில் பசுவைக் கொன்ற பாவம் என்று சாபமும் உண்டு. பிறக்கப்போகிற யாரோ ஒருவனுடைய காலைத் தன் தலையில் வாங்கிக்கொள்ள ஒருவன் முன்வந்திருக்கிறான். கேட்டுவிட்டுப் போயிருக்கிறான் அல்லவா? அந்தக் குரல் காதில் விழுந்தவர்களும் இருந்தார்கள். பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவி திருக்கோடிக்காவல் கோவிலைக் கற்றளியாகப் புதுப்பித்தபோது, பழைய கற்களில் இருந்த சாசனங்களைப் புதுச் சுவரில் திரும்ப வெட்டச் செய்தாள். பழங்கற்படி என்று இதற்குப் பெயர். தன் கணக்கை மட்டும் எழுதிக்கொண்டு போயிருக்கலாம், தடுக்க ஆளில்லை.

ஆனால் கேட்டவனுக்குத்தான் கடன் என்றால், கேட்காதவர்கள் கதி என்ன? திருப்பாம்புரத்துக் கல்வெட்டு ஒன்று 1201-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பஞ்ச காலம். காசுக்கு மூன்று நாழி நெல் விற்றது. ஒரு வேளாளனும் அவன் பெண்கள் இருவரும் 110 காசுக்குத் தங்களைக் கோவிலுக்கு விற்றுக்கொண்டார்கள். இது வாங்கினவர்களின் பத்திரம். பின்னால் வழக்கு வராமல் இருக்கக் கல்லில் வெட்டியது. அந்தப் பெண்களைக் கேட்டிருந்தால், இந்தக் கல் உடைந்து போகட்டும் என்றுதான் சொல்லியிருப்பார்கள். தன் மானம் எட்டு நூற்றாண்டு கழித்தும் வெயிலில் காய்வதை யார் விரும்புவார்கள்?

இங்கேதான் எனக்கு வெகு நாள் தயக்கம் இருந்தது. இதைப் படியெடுத்துப் பாதுகாப்பது, விற்ற மனிதர்களை இன்னொரு முறை கடைத்தெருவில் நிறுத்துவது ஆகாதா? யோசிக்க யோசிக்க, ஆகாது என்றே படுகிறது. வெட்கம் அவர்களுடையது என்று நினைப்பதால் வரும் தயக்கம் இது. நெல்லை அந்த விலைக்கு ஏற்றியவர்களும், பட்டினியைப் பார்த்துப் பத்திரம் எழுதியவர்களும்தான் வெட்கப்பட வேண்டியவர்கள். கல்லை அழித்தால் தப்பித்துக்கொள்கிறவர்களும் அவர்களே. தகப்பனும் பெண்களும் இருந்தார்கள், பசித்தார்கள் என்பதற்கு அந்தப் பத்திரத்தைத் தவிர நாம் காட்டக்கூடிய சாட்சி வேறு எது? வாங்கினவன் தன் பாதுகாப்புக்காக எழுதி வைத்ததில், விலைபோனவர்களின் குரல் அவனுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

ஊரார் பக்கத்து நியாயமும் ஒன்று உண்டு. நடுகல்லுக்கு எண்ணெய் சாத்திப் பொங்கல் வைக்கிறவர்களிடம் போய், 'இது எங்களுக்கு வேண்டும், மியூஸியத்துக்குக் கொண்டு போகிறோம்' என்பது அடாவடி. அவர்கள் வரலாறு தெரியாமல் கும்பிட்டாலும், அத்தனை நாள் கல்லை விழாமல் காத்தவர்கள் அவர்கள்தாம். ஆராய்ச்சிக்காரருக்குப் படி போதும்; கல் அங்கேயே இருக்கட்டும். ஆனால், கோவில் எங்களுடையது, சுவரை நாங்கள் எப்படி வேண்டுமானாலும் மினுக்குவோம் என்று சொல்லும்போது நான் அவர்கள் கட்சி இல்லை. திருப்பணி என்ற பெயரில் மணலைப் பீய்ச்சி அடித்துச் சுத்தம் செய்ததில், பல கோவில்களில் எழுத்துக்கள் தேய்ந்தே போயின. செம்பியன் மாதேவி செய்ததும் திருப்பணிதான்.

பிரமாதமான செலவு ஒன்றும் இல்லை. சாரம் கட்டுவதற்கு முந்தின வாரம், கல்வெட்டுப் பைத்தியம் பிடித்த வாத்தியார் ஒருவரைப் பிடித்து அழைத்து வரவேண்டும். காகிதம், தூரிகை, மை எல்லாம் அவரே கொண்டு வந்துவிடுவார். தண்ணீருக்கு ஒரு குடமும், ஏறி நிற்க ஒரு பெஞ்சியும் ஊரார் கொடுத்தால் போதும்.